கறுப்பு சாக்ஸ்

நீங்கள் தமிழ்தானே அக்கா? போனில் பேசியதை ஒட்டுக்கேட்டுச் சொல்லவில்லை. அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. பஸ்ஸில் ஏறினீர்கள், பையை மடியில் வைத்தீர்கள், அடுத்த நிமிடமே ஷூவைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு ஒரு காலை மடக்கி உட்கார்ந்துவிட்டீர்கள். இந்த ஜெர்மன்காரர்கள் உயிர் போனாலும் அப்படி உட்காரமாட்டார்கள். நானும் முன்பெல்லாம் ஆட்களின் முகத்தைத்தான் பார்ப்பேன். இந்த ஆறு வாரமாகக் காலைப் பார்க்கிறேன். ஏன் என்று சொல்கிறேன். போய்ச் சேர மூன்று மணி நேரம் இருக்கிறது. தூங்கவேண்டும் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். கோபித்துக்கொள்வேன், ஆனால் காட்டமாட்டேன்.

என் பெயர் நறுமுகை. ஊர் கரூர். அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர், தொழிற்சங்கக்காரர். யார் எதைச் சொன்னாலும் ஏன் என்று கேள் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார். பிறகு அவரையே கேட்க ஆரம்பித்ததும் "உன்கிட்ட பேச முடியாது"ன்னு எழுந்து போய்விடுவார். எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. எனக்கும் நம்பிக்கை கிடையாது. இது முக்கியம், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எம்.ஏ. வரலாறு படிக்கிறேன், ஒரு வருடத்துக்கு இங்கே மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். அக்டோபரில் வந்தேன்.

இந்தக் கோப்பைப் பாருங்கள். ஒரு மனு. இருநூற்றுப் பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதில் ஏழு பேர் பேராசிரியர்கள். ஒரே ஒரு கையெழுத்துதான் இல்லை. அது இல்லாமல் இது வெறும் காகிதம் என்று பல்கலைக்கழகத்தில் இலவசமாகச் சட்டம் சொல்கிறவர் சொல்லிவிட்டார். வேலை போனவரே கேட்கவேண்டுமாம். அவர் பெயர் தவநேசன். முல்லைத்தீவுக்காரர். நாம் போகிற ஊரில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் இருக்கிறார். அவர் கையெழுத்தை வாங்கத்தான் போகிறேன். நான் வருவது அவருக்குத் தெரியாது. சொன்னால் வேண்டாம் என்பார். அதனால் சொல்லவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

என் அறைத்தோழி ரெஹானா, வாணியம்பாடி, வேதியியல். மாணவர் அட்டை இருந்தால் இந்த மாநிலம் முழுக்க ரயிலில் போகலாம், முக்கால்வாசி மியூசியத்தில் மாணவர்களை இலவசமாக விடுகிறார்கள். விடுவோமா? சனி ஞாயிறு வந்தால் கிளம்பிவிடுவோம். தக்காளி சாதம் கட்டிக்கொண்டு போவோம். கோட்டை, தேவாலயம், போர் நினைவுச்சின்னம், எவனோ ஒரு ராஜா உட்கார்ந்த நாற்காலி, எவளோ ஒரு ராணி பிறந்த கட்டில், எதையும் விடவில்லை. ரெஹானா போட்டோ எடுப்பாள். நான் குறிப்பெடுப்பேன். "இன்னைக்கு யாரோடடீ சண்டை?" என்று நுழைவாசலிலேயே கேட்பாள். அவளுக்கு அது கேலி. ஆனால் நீங்களே சொல்லுங்கள், ஒரு எகிப்துப் பெண்ணின் பிணத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் குழந்தைகள் விளையாட மணலும் வைத்திருந்தால் பார்த்துவிட்டுச் சும்மா வரமுடியுமா? நான் புகார்ப் புத்தகத்தில் நான்கு பக்கம் எழுதினேன். ரெஹானா அதற்குள் கீழே போய்ச் சாப்பிட்டே முடித்துவிட்டாள்.

ஒரு அரண்மனையில் ஷூவுக்கு மேலே பெரிய கம்பளிச் செருப்பை மாட்டச் சொன்னார்கள். எதற்கு? மரத்தரை கீறிவிடுமாம். முந்நூறு வருடத்துத் தரையாம். நாங்கள் இருவரும் தத்தித் தத்தி வழுக்கிக்கொண்டே போனோம். அந்தக் கம்பளிச் செருப்பை மறக்காதீர்கள். அதற்கு வேலை இருக்கிறது.

நவம்பரில், நாங்கள் இருக்கும் நகரத்திலேயே இருக்கிற மியூசியத்துக்குப் போனோம். ஒன்பதாவது அறை. மங்கிய வெளிச்சம். நடுவில் தனியாக ஒரு அம்மன். வெண்கலம். இவ்வளவு உயரம், என் இடுப்பு வரை வரும். ஒரு கை பூப் பிடிக்கிற மாதிரி மடங்கி இருக்கிறது, கையில் பூ இல்லை. கீழே ஒரு அட்டை: 'பெண் தெய்வம், தென்னிந்தியா, பன்னிரண்டாம் நூற்றாண்டு, அன்பளிப்பு'. அன்பளிப்பு! யார் அக்கா யாருக்கு அன்பளித்தது? எந்த ஊர்க் கோயிலில் இருந்து? அந்த ஊர்க்காரர்களைக் கேட்டார்களா? எனக்கு வந்த கோபத்தில் அட்டையை நன்றாகப் படிக்கக் குனிந்தேன். தரையில் கோடு போட்டிருப்பதைக் கவனிக்கவில்லை. பீப் பீப் என்று அலறியது.

சீருடையில் ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், முன்நெற்றி ஏறிய முடி. ஜெர்மனில் ஏதோ சொன்னார். நான் ரெஹானாவிடம், "இந்தாளு என்னடீ சொல்றாரு, நம்ம சிலையைத் திருடினதே இவங்க, நம்மளைத் தள்ளி நிக்கச் சொல்றாங்க" என்றேன். அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"பிள்ளை, ஒரு அடி பின்னால நில்லுங்கோ. மணி அடிச்சா எனக்குத்தான் பிரச்சினை."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! அன்றைக்கு அரைமணி நேரம் பேசினோம். நான் பேசினேன், அவர் "ஓம், ஓம்" என்றார். அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் சனிக்கிழமை காலை முதலில் ஒன்பதாவது அறைக்கு ஒரு எட்டுப் போய்விட்டுத்தான் ரயில் ஏறுவேன். அங்கே காவலர்களுக்கு அறை மாறும். ஒரு அறையில் நாற்பது நிமிடம், பிறகு அடுத்தது. இவர் மட்டும் திறக்கிற நேரத்துக்கு எப்படியோ ஒன்பதில் இருப்பார். கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லி மாற்றிக்கொள்வாராம். அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது.

அப்படி ஒரு நாள்தான் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். எட்டு வருடமாகப் பார்க்கவில்லை. மனைவியும் மகளும் வவுனியாவில். இவருடைய அகதி கேஸ் முடியவே ஐந்து வருடம். பிறகு உணவு விடுதிகளில் பாத்திரம் கழுவி, அங்கே இரண்டு மாதம் இங்கே மூன்று மாதம் என்று ஓட்டி, இந்தக் காவல் கம்பெனியில்தான் ஒழுங்கான வேலை. மியூசியம் நேரடியாக வைப்பதில்லை, ஒரு கம்பெனி ஆள் அனுப்பும். செப்டம்பர் ஒன்றாம் தேதி சேர்ந்திருக்கிறார்.

"முதல் ஆறு மாசம் பரீட்சை பிள்ளை. இதுக்குள்ள காரணம் சொல்லாமலே நிப்பாட்டலாம். பெப்ரவரி முடிஞ்சா நிரந்தரம் ஆக்குவினம். அந்தக் கடிதத்தோடதான் குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பம் போடலாம்."

"அப்புறம் என்ன, மார்ச்ல போட்டுடலாமே."

"மார்ச் பதினொண்டுக்கு முதல் போடவேணும். அண்டைக்கு மகள் தர்மிகாக்குப் பதினெட்டு. பிறகு அவ பிள்ளை இல்லையாம், பெரிய ஆளாம். பெரிய ஆளைக் கூப்பிடேலாது."

பத்து நாள் அக்கா. மார்ச் ஒன்றுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் பத்து நாள். அதற்காக அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் எத்தனை வாரம் மிச்சம் என்று சொல்வார். நானும் எண்ணுவேன். எனக்கும் அக்கறை இருந்தது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொல்கிறேன். ஏதோ நான் அவரைப் பற்றி எதுவும் தெரியாமல் செய்துவிட்டேன் என்று ரெஹானா பேசுகிறாள். தெரியும். எல்லாம் தெரியும்.

டிசம்பரில்தான் அதைக் கண்டுபிடித்தேன். அவர் ஒன்பதாவது அறையில் நிற்கும்போது எப்போதும் ஒரே இடத்தில்தான் நிற்பார், தூணுக்கும் பெஞ்சுக்கும் நடுவில். மற்ற அறைகளில் அவர் நடக்கும்போது டக் டக் என்று சத்தம் வரும். காவலர்களுக்கு என்று கனமான ஷூ கொடுத்திருக்கிறார்கள், முன்னால் இரும்பு வைத்தது. இந்த அறையில் சத்தமே இல்லை. என்னடா என்று கீழே பார்த்தேன். கறுப்புத் தரை, கறுப்புக் கால்சட்டை, கறுப்பு சாக்ஸ். ஷூ இரண்டும் பெஞ்சுக்கு அடியில், ஒழுங்காக, ஜோடியாக.

ஒரு வருடம் நின்று பார்த்தாலும் இந்த ஊர்க்காரர்கள் கண்ணில் அது படாது. நம் கண்ணுக்குத்தான் படும்.

"அண்ணா!" என்றேன். அவருக்கு முகமே மாறிவிட்டது.

"கண்டிட்டியளோ?"

"எவ்ளோ நாளா?"

"வந்த நாள் தொட்டு." சிலைப் பக்கம் திரும்பினார். பிறகு, "அம்மாளாச்சிக்கு முன்னால எப்பிடிப் பிள்ளை சப்பாத்தோட நிக்கிறது? நாற்பது நிமிசம். நானும் முதல் நாள் நிண்டு பாத்தன். கால் கூசுது" என்றார்.

அட்டையில் எழுதியிருப்பது பெண் தெய்வம், தென்னிந்தியா. அவருக்கு அது அம்மாளாச்சி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதலாம் என்றேன். அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாதேங்கோ. வேலை நேரத்தில சப்பாத்துக் கழட்டினா சட்டப்படி பிழை. ஒருக்கா மேற்பார்வையாளர் என்னைச் சப்பாத்தில்லாமக் கண்டு எச்சரிச்சவர். கால் வீங்கிப்போச்செண்டு பொய் சொல்லித் தப்பினன்."

"நான் ஏன் அண்ணா சொல்லப்போறேன்?" என்றேன். சொல்லவும் இல்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்லாரும் இதில்தான் என்னைப் பிடிக்கிறார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் செய்தது கையைக் காட்டியதுதான். காட்டுவது வேறு, சொல்வது வேறு.

எந்த நாளா? பெப்ரவரி இரண்டாவது ஞாயிறு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிரிவின் தலைவியே பார்வையாளர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டுவார். டாக்டர் லோரென்ஸ். ஐம்பது வயது, நரைத்த குட்டை முடி, மெல்லிய குரல். தஞ்சாவூரில் இரண்டு வருடம் இருந்தவராம். என்னையும் ரெஹானாவையும் பார்த்ததும் "வணக்கம்" என்றார். எனக்கு அப்போதே எரிச்சல். வணக்கம் சொன்னால் சிலை உங்களுடையதாகிவிடுமா?

இருபது இருபத்தைந்து பேர். ஒன்பதாவது அறைக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை தவநேசன் அண்ணனுக்கு லீவு. அன்றைக்கு யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கூப்பிட்டிருக்கிறார்கள். தூணுக்குப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். நான் ரெஹானாவிடம், "எல்லாத்தையும் வீடியோ எடு, விடாம எடு" என்று சொல்லி வைத்திருந்தேன்.

டாக்டர் லோரென்ஸ் பேசினார். நெளிவு, அளவு, மெழுகு அச்சு, எல்லாம் அழகாகத்தான் பேசினார். நான் கையைத் தூக்கினேன். அன்பளிப்பு என்கிறீர்களே, கொடுத்தவர் யார், எந்தக் கோயில், எந்த ஊர்? "நல்ல கேள்வி, கடைசியில் பேசுவோம்" என்றார். எனக்குக் கடைசி வரை பொறுக்காது. அரண்மனையில் ஒரு மரத்தரைக்காகப் பார்வையாளர் காலில் கம்பளி கட்டுகிறீர்கள், எங்கள் தெய்வத்தின் முன்னால் எல்லாரும் ஷூவோடு நிற்கிறார்கள், உங்களுக்குத் தரை பெரிதா தெய்வம் பெரிதா என்றேன். சொன்னேன் அல்லவா, அந்தக் கம்பளிச் செருப்பு! இரண்டு மூன்று பேர் கைகூடத் தட்டினார்கள்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கோயிலை விட்டு வந்த பிறகு இது வழிபாட்டில் இல்லை, அந்தத் தொடர்பு அறுந்துவிட்டது, அது துயரம்தான், ஆனால் உண்மை, இங்கே யாரும் இதை வணங்குவதில்லை என்றார். நான் விடுவேனா, எப்படிச் சொல்லலாம், உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். அவர் என்னைப் பார்த்து, மெதுவாக, மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்கள் வணங்குகிறீர்களா?"

இப்போது புரிகிறதா, நான் ஏன் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் என்று? நான் பொய் சொல்லமாட்டேன். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் சொல்ல வரவில்லை. இருபத்தைந்து பேர் என்னைப் பார்க்கிறார்கள். பின்னால் ஒரு கிழவர் சிரித்தார். கைதட்டினவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். ரெஹானா என் சட்டையைப் பிடித்து, "போதும் வாடீ" என்றாள். என் காது இரண்டும் சுட்டது அக்கா. நியாயம் என் பக்கம். தோற்கிறது யார்? நான்.

கையை நீட்டினேன். "உங்கள் காவலரின் காலைப் பாருங்கள்" என்றேன்.

ஆங்கிலத்தில், சத்தமாக. எல்லாரும் திரும்பினார்கள். அவர் நின்றது நின்றபடி நின்றார். முதலில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஒரு சின்னப் பெண் "சாக்ஸ்!" என்றாள். அவர் குனிந்து பெஞ்சுக்கு அடியிலிருந்து ஷூவை எடுத்து அவசரமாக ஒரு காலை நுழைத்தார். இன்னொரு ஷூ கையில். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் சாக்ஸ். பத்துப் பதினைந்து போன் மேலே எழும்பியது. இந்த ரெஹானா என்ன செய்தாள் தெரியுமா? அத்தனை நேரம் எடுத்துவிட்டு, முக்கியமான அந்த நிமிடத்தில் போனை இறக்கித் தரையைப் பார்த்து நிற்கிறாள்!

அந்த டாக்டர் லோரென்ஸும் சாதாரண ஆள் இல்லை. ஒரு நொடி பார்த்தார். உடனே திரும்பி, "வாருங்கள், பத்தாவது அறைக்கு நேரமாகிறது" என்று கூட்டத்தை நகர்த்தப் பார்த்தார். பேச்சை மாற்றுகிறார்! பதில் இல்லை, அதனால் தப்பிக்கிறார்! நான் வழியில் நின்றுகொண்டு, "போகாதீர்கள், யாரும் வணங்குவதில்லை என்றீர்களே, ஐந்து மாதமாக இவர் இங்கே செருப்பில்லாமல் நிற்கிறார்" என்றேன். ஐந்து மாதம் என்று நான் சொல்லியிருக்க வேண்டாம் என்கிறாள் ரெஹானா. சொன்னால்தானே தொடர்ந்த வழிபாடு என்று நிரூபணம் ஆகும்? ஒரு நாள் என்றால் தற்செயல் என்பார்கள்.

தவநேசன் அண்ணன் பக்கம் பார்த்தேன். என் பக்கத்து சாட்சி அல்லவா, ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை போதும். 'ஆமாம், நான் கும்பிடுகிறேன்.' அவ்வளவுதான். அவர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே இருந்தார். கட்டிய லேஸையே திரும்பத் திரும்பக் கட்டினார்.

அன்று ராத்திரிக்குள் யாரோ எடுத்த வீடியோ நகரம் முழுக்கச் சுற்றியது. நானும் பகிர்ந்தேன், ஏன் மறைக்கவேண்டும்? நாலாயிரம் பேர் பகிர்ந்தார்கள். உள்ளூர் பத்திரிகையில் என் பெயர் வந்தது, எழுத்துப் பிழையோடு. செவ்வாய்க்கிழமை அந்தக் கம்பெனி அவருக்குக் கடிதம் கொடுத்துவிட்டது. காரணம் எழுதவில்லை, எழுதத் தேவையில்லையாம். பெப்ரவரி இருபத்தெட்டோடு சரி. டாக்டர் லோரென்ஸ் அவருக்காகக் கடிதம் எழுதினாராம், போனில் பேசினாராம். கம்பெனி கேட்கவில்லை. மியூசியத்தைக் கேட்டால், அது கம்பெனியின் உள்விவகாரம் என்கிறார்கள். கம்பெனியைக் கேட்டால் ஒன்றும் பேசமாட்டோம் என்கிறார்கள். பாருங்கள் எப்படி ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிடுகிறார்கள். யாராவது ஒருத்தராவது, ஆமாம், என்னால்தான் இந்த மனிதனுக்கு வேலை போனது என்று ஒத்துக்கொள்கிறார்களா?

என்ன பார்க்கிறீர்கள்? இல்லை, சும்மா பார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் நான் ஜெயித்தேன் அக்கா, அதையும் சொல்லவேண்டும். மார்ச் முதல் வாரம் அட்டையை மாற்றிவிட்டார்கள். 'பெண் தெய்வம்' போய் 'அம்மன்' என்று வந்திருக்கிறது. 'இன்றும் வழிபடப்படும் வடிவம்' என்று ஒரு வரி. எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்று தேடுகிறோம் என்று இன்னொரு வரி. அது மட்டுமில்லை, ஒன்பதாவது அறை வாசலில் மரத்தில் ஒரு செருப்பு அடுக்கு! 'விரும்புவோர் காலணிகளை இங்கே கழற்றி வைக்கலாம்.' போன சனிக்கிழமை போனேன். அடுக்கில் பத்து ஜோடி இருந்தது. வெள்ளைக்காரர்கள் வண்ண வண்ண சாக்ஸோடு உள்ளே நின்று காலைப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். தூணுக்குப் பக்கத்தில் புதுக் காவலர். உயரமான பையன். டக் டக் என்று நடந்தான்.

தவநேசன் அண்ணனை ஒரு தடவைதான் பார்க்க முடிந்தது. சீருடையைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். மியூசியத்துக்கு எதிர் டிராம் நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டேன். ஓடிப்போய், "கவலைப்படாதீங்க அண்ணா, விடமாட்டேன், மேல எங்க வேணா போவோம்" என்றேன். அவர் என்னை அப்படியே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"நீங்கள் கெட்ட பிள்ளை இல்லை" என்றார். "ஆனா என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்களே!"

"ஓம்" என்றார். "அதுக்குத்தான் கேக்கிறது."

டிராம் வந்தது, ஏறிப் போய்விட்டார். இது என்ன வாதம், சொல்லுங்கள்? வேண்டாம் என்று சொல்வதற்காகவே ஒருத்தரைக் கேட்க வேண்டுமா? அன்றிலிருந்து இதற்கு நல்ல பதிலாக யோசிக்கிறேன். ஒன்றிரண்டு கிடைத்தது, ஆனால் அதற்குள் அவர் போனில் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

இந்த முகவரிகூடச் சுலபமாகக் கிடைக்கவில்லை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தமிழ்க் கடை இருக்கிறது, மூன்று தடவை போனேன். கடைக்காரர் முருங்கைக்காயை எடை போட்டுக்கொண்டே சொன்னார், "அந்த மனுசனைக் கொஞ்சம் விடுங்கோ தங்கச்சி. பதினொண்டும் போச்சு. இப்ப மனுசி மட்டும்தான் வரலாமாம். அவ, பிள்ளையைத் தனிய விட்டிட்டு வரமாட்டன் எண்டிட்டா. புது இடத்தில திரும்ப முதல்ல இருந்து ஆறு மாசம். அங்க ஒருத்தருக்கும் அந்த வீடியோ தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்."

இப்படி எல்லாரும் பயந்து பயந்துதான் இவர்களுக்குக் குளிர்விட்டுப் போகிறது. மனுவில் மூன்று கோரிக்கை இருக்கிறது. ஒன்று, வேலையைத் திருப்பிக் கொடு. இரண்டு, பகிரங்க மன்னிப்பு. மூன்று, தர்மிகாவின் விண்ணப்பத்தைப் பதினொன்றாம் தேதிக்கு முன்பே போட்ட மாதிரி எடுத்துக்கொள். மூன்றாவது நடக்காது என்று சட்டம் தெரிந்தவர் சொன்னார். நடக்காவிட்டால் என்ன, எழுத்தில் இருக்கட்டுமே. நாளைக்கு யாராவது படித்துப் பார்க்கும்போது நாம் கேட்டோம் என்று இருக்கவேண்டாமா? கையெழுத்து வாங்கியதும் பத்திரிகைக்கும் கொடுப்பேன். அவர் பெயரோடுதான். பெயரில்லாமல் போட்டால் யார் நம்புவார்கள்?

நீங்கள் படித்துப் பாருங்கள். நிதானமாகப் படியுங்கள்.

...

முடித்துவிட்டீர்களா? எப்படி இருக்கிறது? கடைசிப் பக்கத்தில் இடம் இருக்கிறது, உங்களுக்கும் போடவேண்டும் என்று தோன்றினால்... பேனா இருக்கிறது. ஏன் மூடிவிட்டீர்கள்?

என்ன?

நானா?

ஒன்பதாவது அறையிலா? நான் ஷூவைக் கழற்றினேனா என்றா கேட்கிறீர்கள்?

அது... இதைப் பாருங்கள் அக்கா, இது பூட்ஸ். பனிக்கென்று வாங்கியது. எட்டு ஓட்டை இருக்கிறது ஒவ்வொரு பக்கமும். கழற்றி மாட்டவே பத்து நிமிடம் ஆகும். அந்த ரெஹானா வேறு எப்போதும் ரயிலுக்கு நேரமாச்சு நேரமாச்சு என்பாள். போன சனிக்கிழமை அவள் வரவில்லை, உண்மைதான். அவள் இப்போதெல்லாம் வருவதில்லை. அன்றைக்கு அடுக்கு இருந்தது, ஆமாம், ஆனால் தனியாகப் போயிருந்தேன், பையை யாரிடம் கொடுப்பது? அதோடு எனக்கு நம்பிக்கை கிடையாது என்று முதலிலேயே சொன்னேன் இல்லையா. நம்பிக்கை இல்லாமல் கழற்றினால் அது நடிப்பு. நான் அங்கே போவது ஆராய்ச்சி செய்கிறவளாக. நான் நின்றது அந்த மக்களின் உரிமைக்காக. உரிமைக்காக நிற்கிறவர்கள் எல்லாரும் கும்பிடவேண்டும் என்று இருக்கிறதா? சொல்லுங்கள். இல்லை, நீங்கள் சொல்லுங்கள். அவர் ஒரு நாள்கூட என்னைக் கேட்டதில்லையே. நான் அவருக்கு முன்னாலேயே, அவர் சாக்ஸோடு நிற்கும்போது, இதே பூட்ஸோடு மணிக்கணக்காக நின்று பேசியிருக்கிறேன். ஒரு நாள்கூட அவர் என் காலைப் பார்த்ததில்லை.

பார்த்திருப்பாரா?

ஊர் வந்துவிட்டதா? அதற்குள்ளா? அதோ அந்தப் புகைபோக்கிதான் ரொட்டித் தொழிற்சாலையா? வாசனை இங்கேயே வருகிறது. கோப்பைக் கொடுங்கள். பேனா... இதோ, மடியில்தான் இருக்கிறது. நீங்கள் இறங்கவில்லையா, இன்னும் மேலே போகிறீர்களா? சரி.

இல்லை அக்கா, சும்மா அப்படிப் பார்க்காதீர்கள். அவர் வீட்டு வாசலில் கட்டாயம் கழற்றுவேன். அது மியூசியம் இல்லை, வீடு. அந்தப் பழக்கம்கூட இல்லாமலா வளர்த்திருக்கிறார்கள்? எட்டு ஓட்டையும் அவிழ்த்து, ஓரமாக ஜோடியாக வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

உள்ளே கூப்பிட்டால்.